சாட்சியும் திரையும்: மறைமுக இல்லற ஒடுக்குமுறை பற்றிச் சில குறிப்புகள்

1

இல்லறத்தில் நிகழும் வன்முறை என்றதும் நம்மிற் பெரும்பாலோர் அடியையும் காயத்தையுமே மனத்திற் கொள்கிறோம். காயம் கண்ணுக்குத் தெரியும், அயலவர் காண்பர், வைத்தியசாலைப் பதிவேட்டில் ஏறும், பொலிசாரும் நீதிமன்றமும் அதனைச் சான்றாக ஏற்பர். ஆனால் ஒரு பெண்ணின் கைத்தொலைபேசியை நாள்தோறும் பரிசோதித்தல், உடன்பிறந்தாருடனான போக்குவரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தல், அவளது பெயரிலுள்ள வீட்டு உறுதியைக் கேட்டு மாதக்கணக்கில் முகங்கொடுத்துப் பேசாதிருத்தல், இன்னொரு நிக்காஹ் செய்வேன் என்பதை வேடிக்கைபோல மீண்டும் மீண்டும் சொல்லுதல், அவளது நினைவும் அறிவும் பிழைபட்டவை எனப் பிறர் முன்னிலையில் நிறுவுதல் முதலியவற்றுக்குக் காயமில்லை. காயமில்லாமையால் நெடுங்காலம் அவற்றுக்குப் பெயரும் இருக்கவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் இவான் ஸ்ராக் 2007இல் வெளியிட்ட நூலில் இச்செயல்களைத் தனித்தனிச் சிறுமைகளாகக் கொள்ளாது, ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் ஒரே தொகுதியாக விளக்கினார். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2015இல் இது தனிக் குற்றமாக்கப்பட்டது. இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் உளரீதியான துன்புறுத்தலை ஏற்றுக்கொள்கிறது. ஆயின் கொடூரமும் இழிவுபடுத்தலும் பாரதூரமானவையாகவும், ஒரு தொடர் நடத்தையாகவும் இருத்தல் வேண்டும் என அது விதிக்கிறது. இத் ‘தொடர்’ என்னும் கருத்து எமது விசாரணைக்கு மிக முக்கியமானது. அடி ஒரு கணத்தில் நிகழ்வது. கட்டுப்பாடு காலத்தில் நிகழ்வது. காலத்தைத் தன் மூலப்பொருளாகக் கொண்ட கலை சினிமா. எனவே மறைமுக ஒடுக்குமுறையை மக்களுக்கு உணர்த்துவதற்குச் சினிமா பொருத்தமான சாதனம் என்னும் கருத்து இன்று பரவலாக முன்வைக்கப்படுவதில் வியப்பில்லை.

எனினும் சினிமா எதனைக் காட்டினால் இவ்வொடுக்குமுறை புலப்படும் என்பது எளிதில் விடையிறுக்கத்தக்க வினாவன்று. அம்பாறைக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களை மனத்திற் கொண்டு இவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அவள் பாதிக்கப்பட்டிருக்கிறாள் என அறிவிப்பது சினிமாவின் முதற்பணியன்று; அவளைச் சூழ்ந்திருப்போரைச் சாட்சிகளாக்குவதே முதற்பணி என்பதும், வீடு யாருடையது, உழைப்பு யாருடையது என்பவற்றை மறைத்துவிட்டு இப்பணியைச் செய்தல் இயலாது என்பதும் எமது நிலைப்பாடாகும்.

2

இவ்வகைச் சினிமாவின் மூலபாடமாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது ‘கேஸ்லைற்’ என்னும் படம். பற்றிக் ஹமில்ரன் 1938இல் எழுதிய நாடகம் 1940இல் பிரித்தானியாவிலும் 1944இல் ஹொலிவூட்டிலும் படமாயிற்று. ஜோர்ஜ் கியூக்கோர் இயக்கி இங்கிரிட் பேர்க்மன் நடித்த பிந்திய படமே பெரும்புகழ் பெற்றது. கணவன் பொருள்களை ஒளித்துவைத்து மனைவியே தொலைத்ததாகச் சொல்கிறான். இரவில் வாயுவிளக்கின் ஒளி மங்குவதை அவள் கூறினால் அது அவளது கற்பனை என்கிறான். அவளை வெளியுலகிலிருந்து பிரிக்கிறான். நாளடைவில் அவளே தன் புத்தியைச் சந்தேகிக்கிறாள். ஒருவரது புலனறிவையே நம்பாதிருக்கச் செய்யும் கொடுமைக்கு இப்படத்தின் பெயரே ஆங்கிலத்திற் பொதுச்சொல்லாயிற்று.

அச்சொல் வழங்கத் தொடங்கியபோது படத்தின் ஒரு பாதி மறக்கப்பட்டுவிட்டது. உளவியல் எஞ்சியது, சொத்து மறைந்தது. 1944ஆம் ஆண்டுப் படத்தில் அந்த வீடு மனைவியுடையது. கொலையுண்ட சிற்றன்னையிடமிருந்து அவளுக்கு வந்தது. கணவன் அவ்வீட்டுக்குட் குடிவந்தவன். வீட்டினுள் எங்கோ மறைந்திருக்கும் நகைகளைத் தேடவே அவன் அவளை மணந்தான். அவளைப் பைத்தியக்காரியென உறுதிப்படுத்தி அப்புறப்படுத்திவிட்டால் தடையின்றித் தேடலாம் என்பது அவன் திட்டம். விளக்கின் ஒளி மங்குவதற்கும் காரணம் அதுவே: மேல்மாடியில் அவன் நகை தேடுவதற்காக இன்னொரு விளக்கை ஏற்றுகிறான். இன்னொரு வகையாகச் சொன்னால், அவளது மனத்தில் விழும் இருள் அவளது சொத்தை ஒருவன் தேடுவதன் புறவிளைவாகும். எங்கெல்ஸ் 1884இல் குடும்பத்தின் தோற்றத்தைத் தனியுடைமையோடு இணைத்து விளக்கியதை ஏற்போர்க்கு இத்தொடர்பு தற்செயலானதாகத் தோன்றாது.

படத்தின் திருப்பமும் கருத்தூன்றி நோக்கத்தக்கது. வீட்டுக்கு வரும் துப்பறிவாளன் ஒருவன் விளக்கு மங்குவதைத் தன் கண்ணாற் கண்டு, ஆம், மங்குகிறது என ஒப்புக்கொள்ளும்போதே அவள் விடுதலையடையத் தொடங்குகிறாள். அவளுக்கு அறிவுரை தேவைப்படவில்லை. அவள் ஏற்கெனவே கண்டதை இன்னொருவரும் கண்டார் என்பதே தேவைப்பட்டது. அந்தச் சாட்சி பொலிஸ் அதிகாரியான ஓர் ஆண் என்பதும், நாள்தோறும் அதே வீட்டில் இருந்த பணிப்பெண்கள் அவளுக்குச் சாட்சியாகவில்லை என்பதும் படத்தின் வர்க்க எல்லையைக் காட்டுகின்றன.

3

மனைவியின் வீட்டில் வந்து குடியேறும் கணவன் ஹொலிவூட் கற்பனையில் ஒரு விதிவிலக்கு. அம்பாறைக் கரையில் அதுவே வழமை. இப்பகுதி முஸ்லிம்களிடையே குடி தாய்வழியாகக் கணிக்கப்படுகிறது; திருமணத்தின்பின் மணமகனே மணமகளின் வீட்டுக்குச் செல்கிறான். மகளுக்கென வீடு கட்டி அவள் பெயரில் உறுதி முடித்துக் கொடுத்தல் பெற்றோரின் வாழ்நாட் கடமையாகக் கருதப்படுகிறது. மட்டக்களப்புப் பிரதேசத் தமிழரிடையே முக்குவர் வழமையாக நிலைத்திருந்த தாய்வழி உரிமைமுறையோடு இதற்குள்ள உறவை மானிடவியலாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இதனை நோக்கிய சிலர், கிழக்கிலங்கை முஸ்லிம் பெண் சொத்துரிமையுடையவள், ஆதலால் அவள் ஒடுக்கப்பட்டவள் அல்லள் என முடிவுகட்டியதுண்டு. உடைமைக்கும் அதிகாரத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இம்முடிவு காணத் தவறுகிறது. வீட்டின் உறுதி அவளது பெயரில் இருக்கலாம். அவ்வீட்டைக் கட்டுவதற்குத் தந்தை வயலை ஈடுவைத்திருக்கலாம். அண்ணனோ, சிலவேளை அவளேயோ, வளைகுடா நாடொன்றில் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கலாம். ஆயினும் அவ்வீட்டில் ஓர் ஆண் தொடர்ந்து இருப்பதிலேயே குடும்பத்தின் மானம் தங்கியிருக்கிறது. ஆகவே இங்கு ஒடுக்குமுறை பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்தும் வடிவத்தைப் பெரிதும் எடுப்பதில்லை. தான் வெளியேறிவிடுவேன் என்னும் அச்சுறுத்தலின் வடிவத்தை எடுக்கிறது. தன் உம்மாவின் வீட்டுக்குச் சென்று வாரக்கணக்கில் திரும்பாதிருத்தல், செலவுப் பணத்தை நிறுத்துதல், உறுதியை மாற்றும்படியோ அற்றோணித் தத்துவம் எழுதித் தரும்படியோ மௌனத்தால் நெருக்குதல் முதலியன அதன் கருவிகள். அயலவர் கண்ணுக்கு இவை யாவும் ‘மாப்பிள்ளை கோபித்துக்கொண்டார்’ என்பதற்கு மேல் எதுவும் அல்ல.

கைக்கூலியும் இவ்வாறே. 1951ஆம் ஆண்டு 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் உபயோகத்துக்கென மணமகனிடம் கொடுக்கப்படும் பணத்தையும் அசையும் பொருளையும் கைக்கூலி என வரையறுத்து, அதனைக் காதி நீதிமன்றத்தின் வாயிலாக மீளப்பெறவும் இடமளிக்கிறது. சட்டத்தின் பார்வையில் அது அவளது பணம். ஆனால் அப்பணம் கணவனின் கடைக்கு முதலாகிவிட்டபின் அதனைப் பற்றிக் கேட்பதே மனைவியின் அடங்காமைக்கு அடையாளமாகிவிடுகிறது.

2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை நாட்டிலேயே மிகக் கூடுதலான உயிர்களைப் பலிகொண்டது இம்மாவட்டத்திலாகும். 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் வந்த வீடமைப்புத் திட்டங்களில் பல இடங்களில் வீடு ‘குடும்பத் தலைவர்’ பெயரில் வழங்கப்பட்டது. தலைவர் ஆண் என்றே கொள்ளப்பட்டது. கடல் கொண்டுபோனது பெண்ணின் சீதன வீடு. அரசும் உதவி நிறுவனங்களும் திருப்பிக் கொடுத்தது ஆணின் வீடு. எவரும் எவரையும் அடிக்கவில்லை. ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தினால் ஓர் உரிமைமுறையே தலைகீழாயிற்று. இத்தகைய மாற்றம் ஓர் இல்லத்தினுள் அதிகாரத்தை எவ்வாறு நகர்த்துகிறது என்பதைக் காட்டும் படமொன்று இக்கரைக்கு அவசியம்.

4

இக்கரையின் வீடுகளில் அதிகம் பார்க்கப்படுவது தமிழகச் சினிமா. அது இவ்விடயத்தில் எத்தகைய கண்ணை உருவாக்கியுள்ளது?

மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ (1986) தமிழின் நுண்மையான குடும்பப் படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுவது. மணத்துக்கு மறுக்கும் மகள் தந்தையின் மாரடைப்புக்குப் பின்னர் இணங்குகிறாள். உணர்வைப் பணயமாக வைத்து இணக்கம் பெறும் முறைக்கு இதனைவிடத் தெளிவான காட்சி கிடைத்தல் அரிது. ஆனால் படம் அவ்விடத்தில் நிற்பதில்லை. அவள் ஏன் அவ்வாறு இணங்கவேண்டியிருந்தது என்னும் வினா கைவிடப்பட்டு, பொறுமையுள்ள கணவனை அவள் எப்போது ஏற்பாள் என்னும் வினா அதனிடத்தைப் பெறுகிறது. மணமகளின் கையொப்பம் இன்றி, அவளது வலியின் கையொப்பத்துடன் திருமணத்தைப் பதியும் முறையை நெடுங்காலம் கண்டு பழகிய எமது சமூகத்துக்கு இக்கைவிடல் மிக இயல்பானதாகத் தோன்றும். பார்த்திபனின் ‘புதிய பாதை’ (1989) இன்னும் ஒரு படி செல்கிறது. வல்லுறவுக்கு ஆளான பெண் தன்னைக் கெடுத்தவனையே மணந்து திருத்துகிறாள். பெண்ணின் பொறுமை ஆணைத் திருத்தும் கருவி என்னும் கருத்துநிலை அங்கு வெளிப்படையாக நிற்கிறது. பல நூறு படங்களில் அது மறைவாக நிற்கிறது.

ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978) இவ்விடத்துத் தனித்து ஆராயத்தக்கது. அதன் நாயகன் அருண் பெண்களைப் பற்றி விவரணப்படம் எடுப்பவன், முற்போக்காளன், பல பெண்களிடம் ஒலிவாங்கியை நீட்டிக் கருத்துக் கேட்கிறான். ஆனால் தன்னருகே நிற்கும் மஞ்சுவின் காயங்களை அவனாற் கேட்டுக்கொள்ள முடிகிறதேயன்றிப் பொறுப்பேற்க முடிவதில்லை. இறுதியில் அவன் மணந்துவரும் பெண், பெண் விடுதலை பற்றி மஞ்சு கேட்கும்போது தனக்கு அதுபற்றித் தெரியாது என்கிறாள். விழிப்புணர்வுப் படம் எடுக்க முனையும் எவரும் முதலிற் காணவேண்டிய படம் இதுவே. ஏனெனில் படமெடுப்பவனும் அவன் விசாரிக்கும் உறவுகளுக்குள்ளே நிற்பவன் என்பதை அது மறைக்கவில்லை.

ஈழத்தில், தர்மசேன பத்திராஜ 1977இல் யாழ்ப்பாணத்தில் எடுத்த ‘பொன்மணி’ சீதனத்தையும் சாதியையும் பேசிய படம். தமிழகச் சினிமாவின் வேகத்துக்குப் பழகிய பார்வையாளர் அதன் மெதுவான நடையை ஏற்கவில்லை. வசூலில் அது தோற்றது. ஆயின் அம்மெதுமையிலேதான் வீட்டினுட் காத்திருக்கும் பெண்களின் காலம் படத்தில் ஏறியது. அத்தோல்வி கலைத்தோல்வியன்று. பார்வையாளரின் கண் எங்கு பயிற்றப்பட்டது என்பதற்கு அது சான்றாகும். அவ்வழியே தொடர்ந்து சென்றிருப்பின் எமக்கென ஒரு சினிமா மரபு உருவாகியிருக்கும்.

5

தொடர்ச்சியைக் காட்டுவதில் வெற்றிபெற்ற அண்மைக்கால உதாரணம் ஜியோ பேபியின் மலையாளப் படமான ‘த கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021). 2023இல் இது தமிழிலும் மீள எடுக்கப்பட்டது. அங்கு கணவனும் மாமனாரும் மென்மையாகப் பேசுவோர். நறுக்குதல், சமைத்தல், பரிமாறுதல், கழுவுதல் என்பன திரும்பத் திரும்ப வருகின்றன. ஒழுகும் குழாய் திருத்தப்படாமலே ஒழுகுகிறது. ஒரு முறை கண்டால் அற்பம். இருபது முறை கண்டபின் பார்வையாளரே மூச்சுமுட்டுகிறார். சட்டம் ‘தொடர் நடத்தை’ என ஒரு சொல்லிற் சொல்வதைப் படம் உடலால் உணரச்செய்கிறது. கணவனின் தனிப்பட்ட தீக்குணம் இங்கு காரணமாக்கப்படவில்லை. ஊதியமற்ற உழைப்பே காரணமாகக் காட்டப்படுகிறது.

எமது கரைக்கு இன்னும் நெருக்கமானவை இரு ஈரானியப் படங்கள். தஹ்மினே மிலானியின் ‘இரு பெண்கள்’ (1999) திறமைமிக்க மாணவியொருத்தி தந்தையின் நெருக்குதலால் மணமுடித்து, சந்தேகமே உருவான கணவனிடம் சிறைப்படுவதைச் சொல்வது. கணவன் தொலைபேசியைப் பூட்டிவைக்கிறான். படிப்பையும் தோழிகளையும் மறுக்கிறான். அவள் நீதிமன்றம் செல்லும்போது, அடிக்கிறானா, செலவுக்குத் தருகிறானா என்பனவே கேட்கப்படுகின்றன. அடிப்பதில்லை, செலவுக்குத் தருகிறான். ஆகவே விவாகரத்துக்குக் காரணமில்லை. கிம் லோங்கினொற்றோவும் ஸீபா மிர் ஹுசைனியும் எடுத்த ‘ஈரானிய முறை விவாகரத்து’ (1998) தெஹ்ரான் குடும்ப நீதிமன்றமொன்றில் உள்ளவாறே பதிவுசெய்யப்பட்ட விவரணப்படம். அங்கு வரும் பெண்கள் அழுகிறார்கள், வாதாடுகிறார்கள், சட்டத்தின் சொற்களையே சட்டத்துக்கு எதிராகப் பயன்படுத்துகிறார்கள். நீதிமன்றப் பணியாளர் ஒருவரின் சிறுமகள் நீதிபதி இல்லாத வேளையில் அவரது ஆசனத்தில் அமர்ந்து தீர்ப்புக் கூறி விளையாடும் காட்சி, எந்தக் கோட்பாட்டு நூலையும்விடத் தெளிவாக அதிகாரத்தின் இயல்பைச் சொல்கிறது.

இவற்றை எமது காதி நீதிமன்றங்களோடு வைத்துப் பார்க்கும்போதுதான் சாட்சி என்னும் பிரச்சினையின் முழு வடிவம் தெரிகிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தலாக் கூறும் கணவன் காரணம் எதனையும் நிரூபிக்கவேண்டியதில்லை. பஸஹ் கோரும் மனைவியோ துன்புறுத்தலையோ கணவனின் வேறு தவற்றையோ நிறுவவேண்டும், சாட்சிகளைக் கொண்டுவரவேண்டும், காதியோடு மூன்று மதிப்பீட்டாளர் அமர்ந்து கேட்பர். சட்டத்தரணி அவளுக்காகத் தோன்ற முடியாது. காதிப் பதவி ஆணுக்கே உரியது. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கையளித்தபோது அதன் உறுப்பினரே இரு அணியாகப் பிரிந்து நின்றனர் என்பது இப்பிரச்சினையின் ஆழத்தைக் காட்டும்.

இந்நிலையில், அடிக்காத கணவனுக்கு எதிராக ஒரு பெண் யாரைச் சாட்சியாகக் கொண்டுவருவாள்? மாமி ‘என் மகன் தங்கமானவன்’ என்பாள். அயல் வீட்டார் ‘சத்தம் ஒன்றும் கேட்கவில்லை’ என்பர், அது உண்மையும்கூட. மரைக்காயர்மார் ‘கொஞ்சம் பொறுத்துப் போங்க மகள்’ என்பர். இவர்கள் எல்லாரும் பொய்யரல்லர். கண்டவற்றைத் தொடுத்துப் பார்க்கும் பயிற்சி அவர்களுக்கு இல்லை. தனித்தனியே அற்பமாகத் தோன்றும் நிகழ்ச்சிகளை ஒரு தொடராகக் காணும் பார்வையை வளர்ப்பதே சினிமா செய்யத்தக்க பணி. பஸஹ் வழக்கில் அப்பார்வை ஒரு பெண்ணின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கலாம்.

6

இங்கு ஓர் ஆட்சேபத்தை எதிர்கொள்ள வேண்டும். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக எழுந்த வதந்தியின்பேரில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. 2019 ஏப்ரலின் பின்னர் முழுச் சமூகமும் சந்தேகத்தின் நிழலில் நிறுத்தப்பட்டது. இத்தகைய வேளையில் முஸ்லிம் குடும்பத்தின் உட்புறத்தைத் திரையிற் காட்டுதல் பேரினவாதத்துக்கு உணவளிக்காதா என்பது நேர்மையான வினா. அதனை வெறும் பழமைவாதம் என ஒதுக்குதல் தவறு.

ஆயின் இவ்வொடுக்குமுறையை ஒரு மதத்தின் இயல்பாகக் காட்டும் படத்துக்கே அவ்வாட்சேபம் முழுமையாகப் பொருந்தும். சொத்துறவின் இயல்பாகக் காட்டும் படத்துக்கு அது பொருந்தாது. தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத் தமிழ் மனைவி தன் பெயரிலுள்ள காணியைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்க இயலாது என்னும் விதி 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருவது. கல்முனை முஸ்லிம் பெண்ணுக்குச் சட்டத்தில் அத்தடை இல்லை. வழக்கமும் அச்சமும் அதே தடையை உண்டாக்குகின்றன. 2019ஆம் ஆண்டுப் பெண்கள் நலன் பற்றிய தேசிய ஆய்வு, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் தம் துணைவரால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு உள்ளானதாகக் கண்டது. அந்த ஐவரில் ஒருவர் எல்லா இனத்தினுள்ளும் இருக்கிறார். இனங்களை அருகருகே வைத்து ஒப்பிடும் நேர்மை கலைஞனுக்கு இருந்தால் பேரினவாதி அப்படத்தைப் பயன்படுத்த முடியாது. மாறாக, சமூகத்தின் மானத்தைக் காக்கவெனப் பெண் மௌனமாக இருக்கவேண்டும் எனக் கோருவது, வெளிப்பகைவன் தரும் நெருக்கடியின் செலவை அவளொருத்தியின் தலையிற் கட்டுவதாகும்.

இத்தகைய சினிமாவுக்கான மொழிவளம் இக்கரையில் ஏற்கெனவே உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் நாட்டார் கவிகள் முறைப்பாட்டை நேரே சொல்லாது உவமையிற் பொதிந்து சொல்லும் கலையில் தேர்ந்தவை. ‘சொல்லாத சேதிகள்’ 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்தபோது ஈழத்துப் பெண்கவிதை தன் பொருளைக் கண்டறிந்தது. சாய்ந்தமருதுக் கவிஞர் அனாரின் ‘எனக்குக் கவிதை முகம்’ (2007) முதலிய தொகுதிகளில் இக்கரைப் பெண்ணின் அகவுலகு தன் குரலிலே பேசிற்று. கவிதை வந்துசேர்ந்த இடத்துக்குச் சினிமா இன்னும் வரவில்லை.

வருமாயின் அது சென்னையின் குரலிற் பேசலாகாது. ‘மகள்’, ‘மச்சான்’, ‘வாப்பா’ என இவ்வூர் விளிக்கும் முறையிற் பேசவேண்டும். மருதமுனைத் தறியின் ஓசையும் சம்மாந்துறை வயலின் ஈட்டுக் கணக்கும் அதில் இடம்பெறவேண்டும். உறுதி, கைக்கூலிப் பதிவு, பூட்டிய தொலைபேசி, நிவாரணப் படிவம் ஆகியவை கதாபாத்திரங்கள் அளவுக்கு முக்கியத்துவம் பெறவேண்டும். இறுதியில் ஒரு வீரனோ பொலிஸ்காரனோ வந்து மீட்கும் முடிவு தவிர்க்கப்படவேண்டும். அம்முடிவு பார்வையாளரைச் சாட்சிப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகிறது.

திரையிடும் முறையும் படத்தின் ஒரு பகுதியே. செனகலின் ஒஸ்மான் செம்பேன் நாவலாசிரியராக இருந்து, எழுத்தறியாத தன் மக்களை அடையும் பொருட்டுச் சினிமாவுக்கு வந்தவர். படத்தை இரவுப் பள்ளியாகக் கருதியவர். பெண்கள் திரையரங்குக்குச் செல்வதைப் பல குடும்பங்கள் விரும்பாத இக்கரையில் அம்முறையே உகந்தது: சிறு கூட்டமாக வீட்டு முற்றத்திற் பெண்களுக்கும், தனியே மரைக்காயர்மாருக்கும், காதி மன்றங்களில் அமரும் மதிப்பீட்டாளருக்கும் படத்தைக் காட்டி, இடைநடுவே நிறுத்தி, ‘இதுவரை கண்டவற்றுள் எதனைத் தவறென்பீர்கள்?’ என வினவுதல். அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடைகளைப் பதிவுசெய்தலும் ஆய்வாகும். 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாகிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவரும், எம்போன்ற தமிழ்ச் சங்கத்தாரும் சேர்ந்து மேற்கொள்ளத்தக்க வேலை இது. அதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை. ஒரு கைத்தொலைபேசியும் ஒரு வெள்ளைத் துணியும் ஊரிலே பிறந்து வளர்ந்த சில பெண்களின் பங்கேற்பும் இருந்தால் தொடங்கலாம்.